ஓவியர்களே முதலாளிகள்: குளிர்கால குழுக் கண்காட்சியில் ஒரு படம் விற்றால் யாருக்கு எவ்வளவு?

மார்கழி வந்தால் சென்னையில் இரண்டு சீசன் தொடங்கும். ஒன்று எல்லோருக்கும் தெரிந்தது. சபா, கச்சேரி, கேன்டீன் காபி. இன்னொன்று சத்தமே இல்லாமல் நடக்கும். வெள்ளைச் சுவர், அதில் பத்துப் பதினைந்து பேர் வரைந்த படங்கள், வாசலில் ஒரு வருகைப் பதிவேடு, மேசையில் ஒரு விலைப்பட்டியல், பக்கத்தில் நாற்காலி போட்டு ஒருவர்.

அந்த நாற்காலியில் இருப்பவரை வாட்ச்மேன் என்று நினைத்து நாம் தாண்டிப் போய்விடுவோம். ஓவியர்களே நடத்தும் கேலரி என்றால், பல நேரம் அவர்தான் எதிர்ச் சுவரில் இருக்கும் படத்தை வரைந்தவர். இன்று அவருடைய டியூட்டி. நாளைக்கு இன்னொருவர் வருவார்.

கண்ணாடிக் கதவு வரை வந்துவிட்டுத் திரும்பிப் போகிறவர்கள் நிறையப் பேர். "உள்ள போனா வாங்கச் சொல்லுவாங்களோ?" "நமக்கு இதெல்லாம் புரியுமா?" இந்தத் தயக்கம் நியாயமானதுதான். ஆனால் அந்தக் கதவுக்குப் பின்னால் நடப்பது, சென்னையிலேயே கிட்டத்தட்ட அறுபது வருடக் கதை உள்ள ஒரு விஷயம். அதை முதலில் பார்த்துவிடுவோம்.

ஒரு கல்லூரி முதல்வரின் கவலை

கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கம் பகுதியைத் தாண்டிப் போனவர்கள் 'சோழமண்டலம் கலைஞர் கிராமம்' என்ற பெயரைப் பார்த்திருப்பீர்கள். விஜிபி இருக்கும் அதே பகுதிதான். மாமல்லபுரம் போகிற அவசரத்தில் பெரும்பாலான கார்கள் அங்கே நிற்பதில்லை.

இந்தக் கிராமம் 1966-ல் தொடங்கப்பட்டது. தொடங்கியவர் கே.சி.எஸ். பணிக்கர். 1911-ல் கோயம்புத்தூரில் பிறந்தவர். சென்னை அரசு ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். அது 1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பழைய கலைப் பள்ளி. பணிக்கருக்கு முன்னால் அதன் முதல்வராக இருந்தவர் டி.பி. ராய் சௌத்ரி. மெரினாவில் இருக்கும் உழைப்பாளர் சிலையைச் செய்தவர் என்றால் சட்டென்று பிடிபடும்.

பணிக்கரின் கவலை எளிமையானது. நன்றாக வரையும் மாணவர்கள் படிப்பை முடித்து வெளியே போகிறார்கள். அதன் பிறகு? அன்றைய சென்னையில் நவீன ஓவியத்தை வாங்க ஆள் கிடையாது, மாட்டிக் காட்ட இடமும் குறைவு. விளம்பர கம்பெனி வேலை, நெசவாளர் சேவை மையத்தில் டிசைன் வேலை என்று கிடைத்ததைப் பிடித்துக்கொண்டு போவார்கள். சில வருடத்தில் தூரிகை பரணுக்குப் போய்விடும்.

இதற்கு அவர் யோசித்த வழி, அரசிடம் மானியம் கேட்பதாக இருக்கவில்லை. ஓவியர்கள் கைவினைப் பொருட்கள் செய்து விற்கட்டும், அந்த வருமானத்தில் ஓவியத்தைக் காப்பாற்றிக்கொள்ளட்டும் என்றார். அதற்காக ஒரு கைவினைச் சங்கம் உருவானது. முக்கியமான சரக்கு பாட்டிக் துணி. துணியில் உருக்கிய மெழுகால் கோலம் போட்டு, சாயத்தில் முக்கி எடுப்பார்கள். மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. பிறகு மெழுகை நீக்கினால் சித்திரம் தெரியும். துணியாக, சுவரில் மாட்டும் திரையாக இவை நன்றாக விற்றன.

இப்படிச் சேர்ந்த பணமும் கலைஞர்களின் பங்கும்தான் கடற்கரை மணலில் நிலமாக மாறின. முப்பதுக்கும் மேற்பட்ட கலைஞர்கள் இதில் சேர்ந்தார்கள். இன்றைக்கு இருக்கும் ஈசிஆர் அப்போது கிடையாது. ஊருக்கு வெளியே, மணல்வெளி. அதில் சொந்தக் காசில் வீடு, பட்டறை என்று ஒவ்வொன்றாகக் கட்டிக்கொண்டார்கள். ஒரு பொழுது பாட்டிக், மறு பொழுது ஓவியம். வயிற்றுக்கு ஒன்று, மனசுக்கு ஒன்று.

ஜே. சுல்தான் அலி, கே. ராமானுஜம், எஸ்.ஜி. வாசுதேவ், அர்னவாஸ், விஸ்வநாதன், எம். சேனாதிபதி, பி.எஸ். நந்தன், பணிக்கரின் மகனான சிற்பி எஸ். நந்தகோபால் என்று பின்னாளில் பெரிதாகப் பேசப்பட்ட பல பெயர்கள் இந்த மணலோடு சேர்ந்தவை. 'மெட்ராஸ் கலை இயக்கம்' என்று இன்று புத்தகங்களில் எழுதப்படுவதில் பெரும் பங்கு இவர்களுக்கு உண்டு. 2009-ல் அந்த இயக்கத்துக்கென்றே கிராமத்துக்குள் ஒரு அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது. அதோடு லபர்னம், இண்டிகோ என்று இரண்டு கேலரிகள் இருக்கின்றன. வெளியே இருக்கும் கலைஞர்களும் வாடகை கொடுத்து அங்கே கண்காட்சி வைக்கலாம்.

தனியாக வைக்காமல் ஏன் குழுவாக?

ஒரு ஓவியர் தனியாகக் கண்காட்சி வைக்க வேண்டுமென்றால் ஹால் நிரம்ப இருபது, முப்பது படங்கள் வேண்டும். வேலைக்குப் போய்க்கொண்டே வரைகிறவருக்கு அது இரண்டு மூன்று வருட உழைப்பு. குழு என்றால் ஆளுக்கு இரண்டு மூன்று படம் போதும். செலவும் பிரியும்.

இன்னொன்றும் இருக்கிறது. ஒவ்வொருவரும் தன் சொந்தக்காரர்கள், நண்பர்கள், பழைய மாணவர்களைக் கூப்பிடுவார். அவருடைய மாமா, இவருடைய படத்தைப் பார்ப்பார். வந்தவர் தெரிந்தவரின் படத்துக்கு முன் போட்டோ எடுத்துவிட்டு, தெரியாதவரின் படத்தை வாங்கிப் போனதெல்லாம் உண்டு.

வரலாற்றில் பெரிய திருப்பங்கள் சிலவும் இப்படித்தான் வந்தன. 1874-ல் பாரிஸில், அதிகாரபூர்வ கண்காட்சியின் தேர்வுக் குழுவை நம்பாத ஓவியர்கள் சிலர் தாங்களே சங்கம் வைத்து, ஒரு புகைப்படக்காரரின் பழைய ஸ்டூடியோவில் படங்களை மாட்டினார்கள். அதில் இருந்த மோனேவின் சூரிய உதயப் படத்தைக் கிண்டல் செய்து ஒரு பத்திரிகைக்காரர் எழுதினார். 'இம்ப்ரெஷனிசம்' என்ற பெயர் பரவியது அந்தக் கிண்டலில் இருந்துதான். சென்னையிலும் 1944-ல் பணிக்கரும் சக ஓவியர்களும் முற்போக்கு ஓவியர் சங்கம் என்று ஒன்றைத் தொடங்கி, சேர்ந்து கண்காட்சி வைத்து வந்தார்கள். சோழமண்டலத்துக்கு விதை அதுதான்.

சரி, குளிர்காலம் எதற்கு?

சென்னையில் குளிர்காலம் என்று ஒன்று இருக்கிறதா என்று நீங்கள் கேட்கலாம். ஸ்வெட்டர் போடும் குளிர் இல்லைதான். ஆனால் வடகிழக்குப் பருவமழை அடங்கும் டிசம்பர் கடைசியில் இருந்து பிப்ரவரி வரை ஓவியத்துக்கும் பார்வையாளருக்கும் தோதான காலம்.

மழை மாதங்களில் காற்றில் ஈரம் அதிகம். வாட்டர் கலர் தாள் அலை அலையாகச் சுருங்கும், கண்ணாடிக்குள் பூஞ்சை பிடிக்கும், எண்ணெய் வண்ணம் காயவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும். கோடையில் வந்தால் ஏசி இல்லாத ஹாலில் பத்து நிமிடம் நிற்க முடியாது. மிச்சம் இருப்பது இந்த இரண்டு மூன்று மாதம்தான்.

கூடவே அரையாண்டு லீவு, பொங்கல், ஊருக்கு வரும் வெளிநாட்டு வாழ் தமிழர்கள், கச்சேரி கேட்க வரும் வெளியூர்க்காரர்கள், ஜனவரியில் புத்தகக் காட்சி என்று நகரமே வெளியே சுற்றும் மனநிலையில் இருக்கும்.

இது சென்னையின் பழக்கம் மட்டும் கிடையாது. டெல்லியின் பெரிய கலைச் சந்தையான இந்தியா ஆர்ட் ஃபேர் ஜனவரி, பிப்ரவரி வாக்கில்தான் நடக்கும். பெங்களூருவில் ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குமாரகிருபா சாலை முழுக்க ஓவியர்கள் உட்கார்ந்து நேரடியாக விற்கும் 'சித்ர சந்தே' நடக்கிறது. கலைஞர்களே முன்னின்று தொடங்கிய கொச்சி-முசிறிஸ் பினாலே முதன்முதலில் திறக்கப்பட்டது 2012 டிசம்பர் 12-ம் தேதி.

இருபதாயிரம் ரூபாய் படம்: ஒரு கணக்கு

இப்போது காசு விஷயத்துக்கு வருவோம். கீழே இருப்பது புரிவதற்காகப் போட்ட உதாரணக் கணக்கு. ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் மாறும்.

ஒரு படத்தின் விலை ரூ.20,000 என்று வைத்துக்கொள்வோம். கேன்வாஸ், வண்ணம் ரூ.3,000. ஃபிரேம் ரூ.2,500. கொண்டுவர ரூ.500. ஆக, செலவு ரூ.6,000. வரைய இருபது நாள் ஆனது.

தனியார் கேலரியில் வைத்து விற்றால், கேலரி 40 சதவீதம் கமிஷன் எடுக்கிறது என்று கொள்வோம். (மூன்றில் ஒரு பங்கில் இருந்து பாதி வரை எடுப்பது இந்தத் துறையில் சகஜம். கேலரிக்கும் வாடகை, விளம்பரம், வாங்குபவரைத் தேடிப் பிடிக்கும் வேலை எல்லாம் இருக்கிறது.) ரூ.8,000 போனால் மிச்சம் ரூ.12,000. அதில் செலவு போக ஓவியர் கையில் ரூ.6,000. நாளுக்கு 300 ரூபாய். ஒரு நாள் சித்தாள் கூலியைவிடக் குறைவு.

பத்துப் பேர் சேர்ந்து ஒரு ஹாலை வாடகைக்கு எடுத்தால்? மொத்தச் செலவு ரூ.60,000, ஆளுக்கு ரூ.6,000. கமிஷன் இல்லை. படம் விற்றால் கையில் ரூ.8,000 நிற்கும். கொஞ்சம் பரவாயில்லை. ஆனால் விற்காவிட்டால், ஃபிரேம் போட்ட காசோடு வாடகைக் காசும் போச்சு.

இடமே அவர்களுடையது என்றால்? கரண்ட், பராமரிப்புக்காக விற்றதில் 20 சதவீதம் பொதுநிதிக்குக் கொடுக்கிறார்கள் என்று வைப்போம். ரூ.4,000 போக, செலவும் போக, கையில் ரூ.10,000.

ஆறாயிரம், எட்டாயிரம், பத்தாயிரம். இந்த வித்தியாசத்தைப் பார்த்து, "இவ்வளவுதானா?" என்று தோன்றலாம். ஆனால் முக்கியமான வித்தியாசம் படம் விற்காத அன்றுதான் தெரியும். வாடகை ஹாலில் விற்காத ஒவ்வொரு படமும் கடன். தனியார் கேலரியில் விற்காத படத்தை அடுத்த முறை மாட்டவே மாட்டார்கள். விற்கிற மாதிரி பிள்ளையார், விற்கிற மாதிரி குதிரை, விற்கிற மாதிரி குடத்தோடு பெண் என்று கை தானாகப் பழகிவிடும். சொந்த இடத்தில் மட்டும்தான், "இது விற்காது, தெரியும். ஆனாலும் மாட்டுறேன்" என்று ஒரு ஓவியரால் சொல்ல முடியும்.

பணிக்கரே இதற்கு நல்ல உதாரணம். 1960-களில் அவர் 'சொற்களும் குறியீடுகளும்' என்று ஒரு வரிசை ஓவியங்களைத் தொடங்கினார். பார்த்தால் ஜாதகக் கட்டம் போலவும், பழைய ஏட்டுச் சுவடி போலவும், கணக்கு நோட்டுப் பக்கம் போலவும் இருக்கும். வரி வரியாக எழுத்து ஓடும். கிட்டப் போய் படித்தால் எந்த மொழியும் கிடையாது. மலையாளம் தெரிந்தவருக்கும் புரியாது, தமிழ் தெரிந்தவருக்கும் புரியாது. வேண்டுமென்றே அப்படிச் செய்தது. வரவேற்பறைக்குப் பொருத்தமான அலங்காரம் வேண்டும் என்று கேட்கும் சந்தை மட்டுமே இருந்திருந்தால் இந்த வரிசை பிறந்திருக்குமா என்பது சந்தேகம்தான். இன்று இந்திய நவீன ஓவிய வரலாற்றில் இதைச் சொல்லாமல் யாரும் தென்னிந்தியாவைத் தாண்டிப் போக முடியாது.

எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறதா?

இல்லை. ஓவியர்களே நடத்தும் இடங்களுக்கு என்று சில வியாதிகள் உண்டு.

முதலாவது, "வேண்டாம்" என்று சொல்ல ஆள் இருக்காது. சங்க உறுப்பினர் என்றால் சுவரில் இடம் கொடுத்தாக வேண்டும். அருமையான ஒரு படத்துக்குப் பக்கத்தில், காலண்டரைப் பார்த்து வரைந்தது போல ஒன்று தொங்கும். குழுக் கண்காட்சி பார்க்கப் போகிறவர்கள் இதற்குத் தயாராகத்தான் போக வேண்டும். பதினைந்து பேரில் மூன்று பேர் நம்மை நிறுத்திவைத்தால் அது நல்ல கண்காட்சி என்பது என் கணக்கு.

இரண்டாவது, விற்பது ஒரு தனித் திறமை. நன்றாக வரையும் பலருக்கு விலை சொல்லவே கூச்சம். கேட்டவுடன் குறைத்துவிடுவார்கள், அல்லது கோபித்துக்கொள்வார்கள்.

மூன்றாவதுதான் பெரியது. நிலம். ஊருக்கு வெளியே மணல்வெளியாக இருந்தபோது வாங்கிய இடம், இன்று ஈசிஆர் ஓரம். பணிக்கர் 1977-ல் மறைந்தார். கிராமத்தின் முகமாகப் பல ஆண்டுகள் இருந்த நந்தகோபால் 2017-ல் மறைந்தார். தொடங்கிய தலைமுறையில் பலர் இன்று இல்லை. ஓவியரின் பிள்ளைகள் எல்லாம் ஓவியராக வேண்டும் என்று கட்டாயம் இல்லையே. உலகம் முழுக்கவே கலைஞர்கள் சேர்ந்து வாங்கிய இடங்கள் அடுத்த தலைமுறையில் இந்தக் கேள்வியைச் சந்திக்கின்றன. இந்தச் சாலையில் ஒரு ஓவியத்தை விற்பதைவிட ஒரு மனையை விற்பது சுலபம். அந்தச் சுலபத்துக்கு நடுவே ஒரு கேலரி கதவு திறந்திருக்க வேண்டுமென்றால், உள்ளே ஆள் வந்தாக வேண்டும்.

போனால் என்ன செய்யணும்?

பெரும்பாலான குழுக் கண்காட்சிகளுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. வாங்கியே ஆக வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதும் இல்லை. பதிவேட்டில் பெயர் எழுதினால் அடுத்த கண்காட்சிக்கு வாட்ஸ்அப்பில் அழைப்பு வரும், அவ்வளவுதான். போட்டோ எடுக்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். ஃபிளாஷ் வேண்டாம். குழந்தைகளைக் கூட்டிப் போகலாம். அவர்கள்தான் "இது ஏன் இப்படி இருக்கு?" என்று நேரடியாகக் கேட்பார்கள். பெரியவர்கள் கேட்க நினைப்பதும் அதுதான்.

படத்துக்குப் பக்கத்துச் சீட்டில் சின்ன சிவப்புப் பொட்டு ஒட்டியிருந்தால் அது விற்றுப்போனது என்று அர்த்தம். விலை சீட்டில் இல்லாவிட்டால் மேசையில் பட்டியல் இருக்கும். கேட்பதில் தப்பே இல்லை. பட்டியலின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். சின்ன அளவு படங்கள், கோட்டோவியங்கள், அச்சு ஓவியங்கள் பெரிய கேன்வாஸைவிடப் பல மடங்கு குறைந்த விலையில் இருக்கும். அச்சு ஓவியத்தின் கீழே பென்சிலில் 5/20 என்று எழுதியிருந்தால், மொத்தம் இருபது பிரதிகளில் இது ஐந்தாவது என்று பொருள். கையெழுத்தும் பென்சிலில் இருக்கும். ஓவியத்தை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டர் பிரிண்டரில் எடுத்ததும் விற்பனைக்கு வரும். அதில் தவறில்லை, ஆனால் எது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

வாங்கும்போது பில்லோடு ஒரு சான்றும் கேளுங்கள். ஓவியர் பெயர், படத்தின் பெயர், ஆண்டு, அளவு, எதில் வரைந்தது, கையெழுத்து. வெள்ளைத் தாளில் இருந்தாலும் போதும். கையால் வரைந்த ஓவியங்களுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்தில் இருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. வரி சேர்த்த விலையா, சேர்க்காத விலையா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

பலருக்குத் தெரியாத சட்ட விஷயம் ஒன்று. நீங்கள் காசு கொடுத்து வாங்குவது படத்தை மட்டும்தான். காப்புரிமை ஓவியரிடமே இருக்கும். வீட்டில் மாட்டலாம், பரிசாகக் கொடுக்கலாம், விற்கலாம். ஆனால் அதை டி-ஷர்ட்டில் அச்சடித்து விற்க அவருடைய அனுமதி வேண்டும். நாளைக்கு அந்த ஓவியர் பெரிய ஆளாகி, நீங்கள் படத்தை மறுவிற்பனை செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். விலை பத்தாயிரம் ரூபாயைத் தாண்டினால், அதில் ஒரு பங்கு கேட்க ஓவியருக்கு உரிமை இருக்கிறது. 1957-ம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 53ஏ பிரிவு இதைச் சொல்கிறது. பங்கு 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நடைமுறையில் இந்தப் பிரிவை யாரும் அதிகம் பயன்படுத்துவதில்லை என்பது வேறு கதை.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு, நேரடி வெயில் விழும் சுவரில் மாட்டாதீர்கள். மழைக்கு ஓதம் ஏறும் சுவரும் வேண்டாம். தாளில் வரைந்த படம் என்றால் கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவே இடைவெளி விட்டு ஃபிரேம் போடச் சொல்லுங்கள். ஒட்டிப் போட்டால் அடுத்த நவம்பரில் பூஞ்சை வந்துவிடும்.

"புரியலையே" என்ற கவலைக்கு மட்டும் தனியாக ஒரு வழி இருக்கிறது. ஹாலை ஒரு சுற்று வேகமாகச் சுற்றி வாருங்கள். திரும்பவும் எந்தப் படத்துக்கு முன்னால் கால் தானாக நிற்கிறதோ, அங்கே இரண்டு நிமிடம் நில்லுங்கள். பிறகு நாற்காலியில் இருப்பவரிடம் போய், "இது யார் வரைஞ்சது?" என்று கேளுங்கள். அவருடையதாக இருந்தால் பேச்சு அரை மணி நேரம் ஓடும். அடுத்தவருடையதாக இருந்தாலும் டீ வரும்.

கண்காட்சி கடைசி நாள் மாலை போனால் இன்னொரு காட்சி கிடைக்கும். சுவரில் இருந்து படங்களை இறக்கி, பழைய நியூஸ் பேப்பரில் சுற்றி, யாருடைய ஆட்டோவில் யாருடைய படம் போகிறது என்று பேசிக்கொண்டிருப்பார்கள். பேரம் பேச அதுதான் நல்ல நேரம் என்று சிலர் சொல்வார்கள். மேலே இருக்கும் முன்னூறு ரூபாய்க் கணக்கைப் படித்தபிறகு உங்களுக்கு மனசு வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.